கார்-டி லயே கேன்சர் போயிருச்சு, அப்புறம் எதுக்கு ட்ரான்ஸ்ப்ளான்ட்?

ஒரு அக்கா ரொம்ப நீளமா எழுதியிருக்காங்க, சுருக்கி சொல்றேன். அவங்க தம்பிக்கு 23 வயசு. பி-செல் ஏஎல்எல், அதாவது பி-செல்ங்கற வெள்ளை அணுவுல வர, சட்டுனு தீவிரமாகுற வகை ப்ளட் கேன்சர். கீமோ எல்லாம் முடியற நேரத்துல நோய் திரும்ப வந்திருச்சு. அப்புறம் கார்-டி செல் சிகிச்சை குடுத்தாங்க, அதாவது அவரோட டி-செல்லயே (நோய எதிர்க்கற வெள்ளை அணு) எடுத்து, கேன்சர அடிக்கற மாதிரி மாத்தி திரும்ப ஏத்தறது. காய்ச்சல், ஐசியு, ரெண்டு நாள் பேச்சு குழறல்னு எல்லாத்தையும் தாண்டி வந்து, 28-ஆம் நாள் போன் மாரோ டெஸ்ட்ல நோய் துளி கூட இல்ல, எம்ஆர்டி (மிச்சமிருக்கற கேன்சர் செல்ல தேடற டெஸ்ட்) நெகட்டிவ். இப்போ ரெண்டரை மாசம் ஆகுது. இந்த நேரத்துல டாக்டர் "ஸ்டெம் செல் ட்ரான்ஸ்ப்ளான்ட் பண்ணிரலாம்"னு சொல்றாங்களாம், அதாவது இன்னொருத்தரோட ரத்தம் உண்டாக்கற செல்ல ஏத்தறது. அக்காதான் டோனர், திசு அடையாளம் (ஹெச்எல்ஏ) பாதி மேட்ச். வீட்ல ஆளுக்கொரு பேச்சு, தம்பியோ "போதும், என்னை விட்ருங்க"ங்கறாரு. அக்காவோட கேள்வி மூணு: நோயே இல்லாதப்போ ட்ரான்ஸ்ப்ளான்ட் எதுக்கு? பாதி மேட்ச் ஆன என் செல் அவனையே தாக்கிருச்சுன்னா? கீமோவே இல்லாம கார்-டி போட்டு நேரா ட்ரான்ஸ்ப்ளான்ட் பண்ணி சரியாச்சுன்னு ஒரு நியூஸ் வந்துச்சே, அத கேக்கலாமா?

இத எல்லாம் எழுதிட்டு கடைசி வரியில போற போக்குல ஒண்ணு சேர்த்திருக்காங்க: "ரத்தத்துல பி-செல் திரும்ப வர ஆரம்பிச்சிருக்குன்னு ரிப்போர்ட்ல இருக்கு, அது நல்ல விஷயம் தானே டாக்டர்?"

மேடம், உங்க லெட்டர்ல முக்கியமான வரியே அதுதான். நான் அங்கிருந்தே ஆரம்பிக்கறேன்.

கார்-டின்னா என்ன பண்றாங்கன்னு உங்களுக்கு இப்போ என்னை விட நல்லாவே தெரிஞ்சிருக்கும், ஆனா ஒரு விஷயத்த மட்டும் திரும்ப ஞாபகப்படுத்தறேன். தம்பியோட டி-செல்ல எடுத்து, லேப்ல ஒரு வைரஸ் மூலமா அதுக்குள்ள புது ஜீன் வச்சு, சிடி19-ங்கற அடையாளம் எந்த செல் மேல இருந்தாலும் அத அடிச்சு கொல்ற மாதிரி மாத்தி திரும்ப ஏத்தினாங்க. இந்த சிடி19 கேன்சர் செல் மேல மட்டும் இருக்கறது இல்ல, நம்ம எல்லார் உடம்புலயும் இருக்கற சாதாரண பி-செல் மேலயும் இருக்கு. அதனால கார்-டி வேலை செய்யற வரைக்கும் நல்ல பி-செல்லும் சேர்ந்தே காலியாகும், தொற்ற எதிர்க்கற ஆன்டிபாடிய செய்யறது பி-செல் தான், அதுக்குத்தான் சில பேருக்கு அந்த ஆன்டிபாடிய, அதாவது இம்யூனோகுளோபுலின, வெளியில இருந்து ஏத்தறாங்க. அப்போ பி-செல் ரத்தத்துல திரும்ப தலை காட்டுதுன்னா என்ன அர்த்தம்? அத அடிக்க வேண்டிய ஆள் இப்போ அங்க இல்ல, இல்லன்னா ரொம்ப கம்மியாயிட்டாங்கன்னு அர்த்தம். வேற எந்த சிகிச்சைக்கு அப்புறமும் பி-செல் திரும்பறது சந்தோஷமான சேதி, கார்-டிக்கு அப்புறம் முதல் ஆறு மாசத்துக்குள்ள திரும்பறது மட்டும் எங்களுக்கு வயித்துல புளிய கரைக்கும். உங்க டாக்டர் அவசரப்படறாருன்னு எழுதியிருக்கீங்க, அவரு இத பாத்துட்டுத்தான் அவசரப்படறாரு, இத உங்ககிட்ட இந்த மாதிரி உக்காந்து விளக்கல, அவ்ளோதான். விளக்கியிருக்கணும்.

எம்ஆர்டி நெகட்டிவ்னா நோய் இல்லன்னு தானே அர்த்தம்னு கேக்கறீங்க. சாதாரணமா ஃப்ளோ டெஸ்ட் (செல் மேல இருக்கற அடையாளங்கள வச்சு தேடறது) பத்தாயிரம் செல்லுக்கு ஒரு கேன்சர் செல் இருந்தா கண்டுபிடிச்சிரும், புதுசா வந்திருக்கற ஜீன் சீக்வென்சிங் டெஸ்ட் பத்து லட்சத்துல ஒண்ணு வரைக்கும் போகும். கேக்க பெரிய நம்பர் தான். ஆனா மஜ்ஜையில இருக்கற செல்லுங்க லட்சம் கோடிக்கணக்குல. ஊசியில எடுத்தது சில மில்லி. அதனால நெகட்டிவ்ங்கறதுக்கு "நாங்க தேடின ஆழத்துல கிடைக்கல"ன்னு தான் அர்த்தம். எந்த முறையில பாத்தாங்கன்னு கேளுங்க. ஃப்ளோ மட்டும்தான்னா சீக்வென்சிங் பண்ண முடியுமான்னும் கேளுங்க, அந்த ரிசல்ட் முடிவ கொஞ்சம் தெளிவாக்கும்.

இனி நம்பர். முதல்ல அங்கீகாரம் கிடைச்ச கார்-டி மருந்து டிசாஜென்லெக்லூசெல், 2017 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஓகே ஆச்சு, 25 வயசு வரைக்குமான ஏஎல்எல் நோயாளிகளுக்கு. அதுக்கு ஆதாரமா இருந்த ட்ரையல்ல 75 பேருக்கு ஏத்தினாங்க, மூணு மாசத்துக்குள்ள 81 சதவீதம் பேருக்கு நோய் அடங்கிருச்சு. வேற எல்லாம் முயற்சி பண்ணி தோத்துப் போனவங்ககிட்ட இப்படி ஒரு நம்பர் அதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. ஆனா அதே ட்ரையல்ல ஒரு வருஷம் முடிஞ்சப்போ நோய் திரும்பாம, சிக்கல் இல்லாம இருந்தவங்க ஏறக்குறைய பாதிப்பேர். நியூஸ்ல முதல் நம்பர் தான் வரும், நாங்க ராத்திரி யோசிக்கறது ரெண்டாவது நம்பர பத்தி.

நோய் ரெண்டு வழியில திரும்பும். ஒண்ணு, கார்-டி செல் உடம்புல நிலைக்காம போயிரும், ஒளிஞ்சிட்டிருந்த கேன்சர் செல் அதே சிடி19 அடையாளத்தோட திரும்ப வளரும். உங்க தம்பிக்கு இப்போ பயப்பட வேண்டியது இது. இன்னொண்ணு, கார்-டி செல் உடம்புல இருக்கும், ஆனா கேன்சர் செல் சிடி19-ஐ கழட்டி போட்டுட்டு வந்து நிக்கும், அத இதால பாக்கவே முடியாது. ரெண்டாவது வகையில பி-செல் கணக்கு பாத்து முன்கூட்டி கண்டுபிடிக்கவும் முடியாது.

ட்ரான்ஸ்ப்ளான்ட் இங்க என்ன பண்ணும்? நிறைய பேர் சொல்ற உவமை ஒண்ணு உண்டு, கார்-டி களை எடுக்குது, ட்ரான்ஸ்ப்ளான்ட் மண்ணையே மாத்துதுன்னு. பாதி தான் சரி. மண்ண மாத்தறதோட நிக்காம, புது மண்ணுல இருந்து ஒரு காவலாளும் முளைச்சு வரான். இது எப்படி தெரிஞ்சுதுன்னா, 1950கள்ல இருந்து டொனால் தாமஸ் மாதிரி ஆளுங்க போன் மாரோ ட்ரான்ஸ்ப்ளான்ட் பண்ண ஆரம்பிச்சாங்க, அதுக்காக அவருக்கு 1990-ல நோபல் கூட கிடைச்சுது. அப்புறம் கணக்கு எடுத்து பாத்தா ஒரு வினோதம்: ஒரே மாதிரி இருக்கற இரட்டையர்கிட்ட இருந்து எடுத்து வச்சவங்களுக்கு நோய் அதிகமா திரும்புது. நூத்துக்கு நூறு மேட்ச், ஆனா ரிலாப்ஸ் அதிகம்! அப்போதான் புரிஞ்சுது, கேன்சர குணமாக்கறதுல கீமோவுக்கு எவ்ளோ பங்கோ, டோனரோட டி-செல் "இது யாரு நம்ம ஆளு இல்லயே"ன்னு மிச்சமிருக்கற கேன்சர் செல்ல தேடித்தேடி அடிக்கறதுக்கும் அவ்ளோ பங்கு. அந்த டி-செல்லுக்கு சிடி19 இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான், ஏன்னா அது வேற வேற அடையாளங்கள பாக்குது. கார்-டி விட்டுட்டு போற ஓட்டைய இது அடைக்குதுன்னு வச்சுக்கோங்க.

இவ்ளோ தெளிவா இருந்தா எல்லாருக்கும் கார்-டி முடிச்ச கையோட ட்ரான்ஸ்ப்ளான்ட் பண்ணிரலாமே, அப்புறம் எதுக்கு டாக்டர்களுக்குள்ளயே சண்டைன்னு நீங்க கேக்கலாம். சண்டை இருக்கு. நியூயார்க்ல 53 பெரியவங்கள வச்சு 2018-ல வெளியான ஆய்வுல, கார்-டிக்கு அப்புறம் ட்ரான்ஸ்ப்ளான்ட் போனவங்களுக்கும் போகாதவங்களுக்கும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் தெரியல. அமெரிக்க தேசிய கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல குழந்தைங்க, இளவயசுக்காரங்க 50 பேர வச்சு பண்ணது 2021-ல வந்துச்சு, அதுல எம்ஆர்டி நெகட்டிவ் ஆகி ட்ரான்ஸ்ப்ளான்ட் போன 21 பேர்ல ரெண்டு வருஷத்துல நோய் திரும்பினது பத்து சதவீதத்துக்கும் கீழ. ரெண்டும் பொய் இல்ல. கார்-டியோட உள் டிசைன் ஒவ்வொண்ணுக்கும் வேற, சிடி28-னு ஒரு பகுதி வச்சு செய்யறது வேகமா பெருகி சீக்கிரம் மறைஞ்சிரும், 4-1பிபி வச்சு செய்யறது மெதுவா ஏறி மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல தங்கும். 2012-ல ஃபிலடெல்பியாவுல இந்த சிகிச்சை எடுத்த முதல் குழந்தை எமிலி வைட்ஹெட், அப்போ ஆறு வயசு, ட்ரான்ஸ்ப்ளான்ட் இல்லாமலே பத்து வருஷம் தாண்டி நல்லா இருக்காங்க. அவங்களுக்கு போட்டது இந்த 4-1பிபி வகை. இன்னொரு சிக்கல், ட்ரான்ஸ்ப்ளான்ட் வரைக்கும் நோய் திரும்பாம, உடம்பு தாங்கற அளவுக்கு நல்லா இருந்தவங்க தான் ட்ரான்ஸ்ப்ளான்ட் கணக்குலயே வருவாங்க, அதனால அந்த நம்பர் கொஞ்சம் அழகாத்தான் தெரியும். இத மனசுல வச்சுட்டுத்தான் படிக்கணும்.

அதனால நான் யாருக்கும் பொதுவா சொல்றது இல்ல, ஆள பாத்துத்தான். ஏற்கனவே ஒரு ட்ரான்ஸ்ப்ளான்ட் ஆனவர், நீண்ட நாள் தங்கற கார்-டி போட்டிருக்கு, எட்டு மாசமா பி-செல் சுத்தமா இல்லன்னா, நான் கைய கட்டிட்டு காத்திருப்பேன். ஏன்னா ட்ரான்ஸ்ப்ளான்ட்டுக்கு முன்னாடி குடுக்கற கீமோவும் ரேடியேஷனும் மிச்சமிருக்கற கார்-டி செல்லயும் சேர்த்து அழிச்சிரும், நல்லா வேலை செய்யற ஆள நாமளே வெளிய அனுப்பின மாதிரி ஆயிரும். உங்க தம்பி நிலைமை நேர் எதிர். இதுவரைக்கும் ட்ரான்ஸ்ப்ளான்ட் ஆகல, வயசு இருக்கு, டோனர் இருக்கு, பி-செல் ரெண்டரை மாசத்துலயே வந்தாச்சு, எம்ஆர்டி இன்னும் நெகட்டிவ். நீங்க எழுதினது எல்லாம் சரின்னா என் தம்பியா இருந்தா நான் ட்ரான்ஸ்ப்ளான்ட் பக்கம் தான் நிப்பேன், அதுவும் தள்ளிப் போடாம.

"நோய் திரும்பினா அப்போ பாத்துக்கலாமே"ன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றாருன்னு எழுதியிருக்கீங்க. நியாயமான யோசனை மாதிரி தான் இருக்கு. ஆனா கார்-டிக்கு அப்புறம் திரும்பற நோய மறுபடி அடக்கறது ரொம்ப கஷ்டம், ட்ரான்ஸ்ப்ளான்ட்டோ நோய் அடங்கியிருக்கும்போது பண்ணாத்தான் நல்லா வேலை செய்யும். இப்போ திறந்திருக்கற கதவு அப்போ திறந்திருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது.

ரெண்டாவது கேள்வி, உங்க செல் அவர தாக்குமா. தாக்கலாம். அதுக்கு பேர் ஜிவிஹெச்டி. தோல்ல சிவப்பா தடிப்பு, வயித்துப்போக்கு, கல்லீரல் பாதிப்புன்னு முதல் மாசங்கள்ல வரலாம், பின்னாடி கண்ணு வாய் வறண்டு போறது, தோல் இறுகறதுன்னு நாள்பட்ட வகையும் வரலாம். மறைச்சு சொல்ல எதுவும் இல்ல. ஆனா பாதி மேட்ச்ங்கறத கேட்டு முன்ன மாதிரி பயப்பட வேண்டியதில்ல. இப்போ பண்ற முறையில, உங்க செல்ல ஏத்தின மூணாவது நாலாவது நாள் சைக்ளோபாஸ்பமைடுங்கற மருந்த குடுப்பாங்க. அந்த ரெண்டு நாள்ல யாரு கோவமா பெருகிட்டிருப்பா? தம்பி உடம்ப பாத்து "அந்நியன்"னு பொங்கற உங்க டி-செல்லுங்க. பெருகற செல்லத்தான் அந்த மருந்து நல்லா கொல்லும். ஸ்டெம் செல்லுக்குள்ள அந்த மருந்த முறிக்கற ஒரு என்சைம் இருக்கறதால அது தப்பிச்சிரும். எனக்கு இந்த துறையில ரொம்ப பிடிச்ச ஐடியாவே இதுதான், ஒரு பழைய கீமோ மருந்து, நாள் மட்டும் மாத்தி குடுத்து, பாதி மேட்ச் ட்ரான்ஸ்ப்ளான்ட்ட உலகம் முழுக்க சாத்தியமாக்கிட்டாங்க.

அப்பாவும் பாதி மேட்ச், அவருக்கு 58, அவரா நானான்னும் கேட்டிருந்தீங்க. பொதுவா வயசு கம்மியான டோனர் நல்லது. ஆனா குழந்தை பெத்த பெண் டோனரா இருந்து ஆணுக்கு குடுக்கும்போது நாள்பட்ட ஜிவிஹெச்டி கொஞ்சம் கூடுதலா வருது, நீங்க ரெண்டு குழந்தைக்கு அம்மான்னு சொல்றீங்க, இத அவங்க யோசிச்சாங்களான்னு தயங்காம கேளுங்க. அதோட தம்பி ரத்தத்துல உங்க ஹெச்எல்ஏவுக்கு எதிரா ஆன்டிபாடி இருக்கான்னு ஒரு டெஸ்ட் உண்டு, இருந்தா உங்க செல் ஒட்டாமலே போயிரலாம். அந்த ரிசல்ட் வராம யாரு டோனர்னு முடிவு பண்ணக்கூடாது.

மூணாவது அந்த நியூஸ். அது பொய் நியூஸ் இல்ல. சீனாவுல 2024-ல வெளியான ஆய்வு, 10 பேர் தான். சிடி7-ங்கற அடையாளத்த குறி வச்ச கார்-டி போட்டாங்க, எல்லாருக்கும் நோய் அடங்கிச்சு, ஆனா ரத்த அணுக்கள் மேல ஏறாம படுத்திருச்சு. அந்த நிலையிலயே வழக்கமான கீமோ குடுக்காம, ஜிவிஹெச்டி தடுப்பு மருந்தும் குடுக்காம, பாதி மேட்ச் உறவுக்காரங்க ஸ்டெம் செல்ல ஏத்தினாங்க. எப்படி ஒட்டுச்சுன்னா, சிடி7 சாதாரண டி-செல் மேலயும் என்கேங்கற இன்னொரு எதிர்ப்பு செல் மேலயும் இருக்கு, புது ஸ்டெம் செல்ல எதிர்த்து விரட்ட வேண்டிய ஆளுங்களே அவங்க தான், அவங்கள கார்-டி முன்னாடியே தீர்த்திருச்சு. டோனர் பக்கம் இருந்து வர டி-செல்லயும் அதுவே அடக்கி வச்சதால ஜிவிஹெச்டியும் லேசா நின்னுச்சு. பத்து பேர்ல எட்டு பேருக்கு முழுசா டோனர் ரத்தம் வந்துச்சு. ரெண்டு பேருக்கு சிடி7 இல்லாத வடிவத்துல நோய் திரும்புச்சு, கடும் தொற்றுலயும் இழப்பு இருந்துச்சு. பிரமாதமான யோசனை, எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா தம்பிக்கு போட்டது சிடி19, அது டி-செல்ல தொடவே தொடாது, அவரோட சொந்த டி-செல் உங்க செல்ல வாசல்லயே நிறுத்திரும். அவருக்கு இது பொருந்தாது, அதுக்காக யாரையும் தேடி அலையாதீங்க.

இதே மாதிரி கார்-டி, ட்ரான்ஸ்ப்ளான்ட் ரெண்டையும் சேர்த்தே திட்டம் போடறது டி-செல் லுகேமியாவுக்கான கார்-டி ஆய்வுகள்ல சகஜம். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் ஆஸ்பத்திரியில 2022-ல அலிசாங்கற 13 வயசு பொண்ணுக்கு, வேற ஒரு டோனர் டி-செல்ல பேஸ் எடிட்டிங்னு ஜீன் எழுத்த ஒவ்வொண்ணா மாத்தி ஏத்தி, நோய் அடங்கினதும் போன் மாரோ ட்ரான்ஸ்ப்ளான்ட் பண்ணாங்க. அங்க ட்ரான்ஸ்ப்ளான்ட் கட்டாயம், ஏன்னா அந்த கார்-டி நல்ல டி-செல்லயும் சேர்த்து அழிச்சிரும், டி-செல்லே இல்லாம ஒருத்தர் தொற்றோட போராடி உயிரோட இருக்க முடியாது. உங்க தம்பிக்கு அது கட்டாயம் இல்ல, தேர்வு. அதான் முடிவு எடுக்க இவ்ளோ கஷ்டமா இருக்கு.

தம்பிய பத்தி. கார்-டி போட்டப்போ தினம் ஒரு பேப்பர்ல ஒரு வரி எழுத சொல்லியிருப்பாங்க, ஞாபகம் இருக்கா? மூளைய பாதிக்குதான்னு பாக்க அது ஒரு டெஸ்ட், நூறுல இருந்து பத்து பத்தா குறைச்சு சொல்ல சொல்றதும் அதுல ஒண்ணு. என்கிட்ட இருந்த ஒரு பையன் தினமும் தன் பேரும் ஒரே வரியும் எழுதுவான். அஞ்சாம் நாள் அந்த வரி கோணி கோணி கீழ இறங்கி பாதியில வெறும் கோடா போயிருச்சு. எட்டாம் நாள் திரும்ப எழுத்தாச்சு. டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த நோட்ட கேட்டு வாங்கிட்டு போனான், "அந்த மூணு நாள் நான் எங்க இருந்தேன்னே தெரியல சார், இதுதான் இருக்கு"ன்னான். உங்க தம்பி "போதும்"னு சொல்றது ட்ரான்ஸ்ப்ளான்ட் புரியாம இல்ல. அந்த ரெண்டு நாள் பேச்சு குழறினப்போ உள்ள இருந்தது அவரு. அத முதல்ல ஒத்துக்கோங்க. கெஞ்சறது, அழறது, அம்மாவ விட்டு பேச வைக்கறது வேண்டாம். அவர டாக்டர்கிட்ட தனியா, நீங்க யாரும் இல்லாம, ஒரு அரை மணி நேரம் உக்கார விடுங்க. இந்த சென்டர்ல இந்த வயசுல பாதி மேட்ச் ட்ரான்ஸ்ப்ளான்ட்ல எத்தன பேரு நோய் இல்லாமலே சிக்கல்ல இறந்திருக்காங்கன்னு நம்பர் கேக்க சொல்லுங்க, கேக்க சங்கடமான கேள்வி தான், ஆனா நல்ல டாக்டர் பதில் வச்சிருப்பாரு. அதுக்கப்புறமும் வேண்டாம்னா, அது 23 வயசு மனுஷனோட முடிவு. அப்போ மாசா மாசம் ரத்தம், சொன்ன இடைவெளியில மஜ்ஜை டெஸ்ட், எம்ஆர்டி லேசா எட்டிப் பாத்தாலும் என்ன பண்ணப் போறோம்னு இப்பவே எழுதி வச்ச ஒரு பிளான், இது மூணும் வேணும்.

அவரு சரின்னு சொன்னா, மத்த எல்லாத்துக்கும் முன்னாடி விந்தணு சேமிக்க முடியுமான்னு கேளுங்க. ட்ரான்ஸ்ப்ளான்ட்டுக்கு முன்னாடி உடம்பு முழுக்க குடுக்கற ரேடியேஷன் அந்த வாய்ப்ப பெரும்பாலும் மூடிரும். இத அக்கா கேக்க கூச்சப்படுவீங்க, டாக்டரும் பிஸில மறந்துருவாரு, அப்புறம் அஞ்சு வருஷம் கழிச்சு அந்த பையன் தனியா உக்காந்து யோசிப்பான். முன்னாடி எடுத்த கீமோவால எண்ணிக்கை கம்மியா இருக்கலாம், பரவால்ல, டெஸ்ட் பண்ணி பாக்க ஒரு நாள் போதும்.

உங்களுக்கு என்ன ஆகும்னு நீங்க ஒரு வரி கூட கேக்கல. நாலஞ்சு நாள் தினம் ஜிசிஎஸ்எஃப் ஊசி (ஸ்டெம் செல்ல மஜ்ஜையில இருந்து ரத்தத்துக்கு வர வைக்கறது), அதுல இடுப்பு முதுகெலும்பெல்லாம் உள்ளுக்குள்ள குடையற மாதிரி வலிக்கும், பாராசிட்டமால்ல பெரும்பாலும் அடங்கிரும். அப்புறம் ஒரு கையில ரத்தம் வெளிய போய் மெஷின்ல சுத்தி இன்னொரு கையில உள்ள வரும், நாலஞ்சு மணி நேரம் கைய மடக்காம படுத்திருக்கணும், உதடு மரத்துப்போற மாதிரி இருந்தா நர்ஸ்கிட்ட உடனே சொல்லுங்க, அது கால்சியம் இறங்கறது, சரி பண்ணிருவாங்க. குடுத்த ஸ்டெம் செல் கொஞ்ச நாள்ல உங்க உடம்புல திரும்ப ஊறிரும். சின்ன குழந்தைக்கு பால் குடுத்துட்டிருந்தா ஊசி போடறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க.